நாலில் மூன்றாவது படம்

மியாசாகா: “நவம்பர் பன்னிரண்டு, புதன். இன்று புகைப்பட வகுப்பின் குறிப்பேடு எழுதும் முறை மியாசாகாவுடையது. சிறு தவறு: மொரியா-சான் கோயிலின் அரக்குப் பெட்டியைப் படமெடுத்தபோது நில அதிர்வு வந்தது. நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டேன்.” போதுமா மொரியா-சான்?

மொரியா: அதிர்வா? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

மியாசாகா: லேசாதான். உங்க கண்ணு கேமரா ரிமோட்டுல இருந்துச்சு.

மொரியா: யார் போன்லயும் நில அதிர்வு எச்சரிக்கை கத்தலையே.

மியாசாகா: சின்னதுக்கெல்லாம் கத்தாது.

மொரியா: வானிலை மையத்தோட இணையப் பக்கத்துல பார்த்துட்டேன். நம்ம சுவா ஊர்ப் பக்கம் இன்னைக்கு முழுக்க எதுவும் இல்ல.

மியாசாகா: அப்ப... லாரி ஏதாவது போயிருக்கும். மாத்தி எழுதிடறேன்.

மொரியா: எழுது, எழுது. ரெண்டாவது மாடிக்கு ஏறி வந்த லாரின்னு எழுது.

மியாசாகா: சிரிக்காதீங்க! கேமராவுக்குள்ள சென்சார் ஒரே ஒரு புள்ளி அளவு நகர்ந்து நகர்ந்து நாலு படம் எடுக்குது. நடுவுல எது அசைஞ்சாலும் நாலும் ஒண்ணா ஒட்டாது. அதான் உங்களுக்குக் கட்டம் கட்டமா வந்துடுச்சு. பாவமா இருந்துச்சு எனக்கு.

மொரியா: பாவமா... நாளைக்கு மதியம் பெட்டி கோயிலுக்குத் திரும்பிடும். என் படம் கெட்டுப்போனா அருங்காட்சியகச் சுவர்ல மாட்டப் போற ஒரே படம் உன்னோடது, கீழ உன் பேரு. ரொம்பப் பாவம்தான்.

மியாசாகா: என் படமும் நல்லாத்தானே இருக்கு!

மொரியா: இல்லன்னு யாரு சொன்னா?

மியாசாகா: வாத்தியார் என்ன சொன்னாரு? எனக்கு, “கவனமா எடுத்திருக்கே.” நீங்க சோதனைக்கு எடுத்த ஒத்தைப் படத்துக்கு, “அடடா!” மூடியில இருக்கிற தங்கப்பொடியை எண்ணிடலாம் போலன்னார். ரெண்டு தடவை சொன்னார்.

மொரியா: அதையும் எண்ணி வச்சிருக்கே.

மியாசாகா: லென்ஸ் கம்பெனியில எனக்கு அதுதானே வேலை. மூணு மாசமா லைட்டை ஒவ்வொரு சென்டிமீட்டரா நகர்த்திப் பார்த்தேன். நீங்க தோஃபு கடையை மூடிட்டு, ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, பத்தே நிமிஷத்துல...

மொரியா: வயித்தெரிச்சலா?

மியாசாகா: யாருக்கு, எனக்கா? தோஃபு விக்கிறவர் மேலயா?

மொரியா: சரி, இங்க வா. நாலையும் தனித்தனியா திறந்து பார்த்தேன்.

மியாசாகா: ...எதுக்கு?

மொரியா: ஒண்ணு, ரெண்டு... சுத்தமா இருக்கு. இது மூணாவது. கறுப்பு அரக்கு, கண்ணாடி மாதிரி. மூடியோட ஓரத்தைப் பெரிசாக்கறேன். என்ன தெரியுது?

மியாசாகா: வெள்ளையா... ஏதோ...

மொரியா: சாக்ஸ். கட்டைவிரல் பக்கம் தையல் போட்டிருக்கு. இப்பவும் அதைத்தான் போட்டிருக்கே. படமெடுக்கும்போது யாரும் காலைக்கூட அசைக்கக் கூடாதுன்னு விதி எழுதி ஒட்டினதே நீதான்.

மியாசாகா: கதவோரத் தரைப்பலகை... மிதிச்சா மேசை வரைக்கும் ஆடும்னு தெரியும். ரெண்டு கிளிக் கேட்டுச்சு. மூணாவதுக்கு... கால் தானா போகல மொரியா-சான். நான்தான் வச்சேன்.

மொரியா: ம்.

மியாசாகா: தெரிஞ்சும் ஏன் வாத்தியார்கிட்ட சொல்லல? எல்லாரும் கிளம்புற வரைக்கும் பேசாம இருந்தீங்களே!

மொரியா: அவர்கிட்ட போய்ச் சொன்னா, சோதனைப் படத்துக்கு லைட்டை எப்படி வச்சேன்னும் கேப்பாரு.

மியாசாகா: எப்படி வச்சீங்க?

மொரியா: இதே குறிப்பேடு. முப்பத்தொண்ணாம் பக்கம்.

மியாசாகா: அது என் பக்கம்.

மொரியா: உயரம், சாய்வு, தூரம், எல்லாம் இருந்துச்சு. மேல கோடு போட்டு அடிச்சு, “இது சரியாக இருக்காது”ன்னு ஓரத்துல எழுதியிருந்தே.

மியாசாகா: நான் அடிச்சதையா... வச்சீங்க?

மொரியா: அடிச்சதைத்தான். சோதிச்சுப் பார்க்காமலே அடிச்சிருக்கே, லூசு. ...சரி, “நாளைய வேலை” இன்னும் காலியா இருக்கு. எழுதிட்டு விளக்கை அணை.

மியாசாகா: எழுதறேன்... “திருத்தம்: நில அதிர்வு இல்லை. மியாசாகா பலகையை வேண்டுமென்றே மிதித்தாள். நாளைய வேலை: காலை ஏழு மணிக்கு அறையைத் திறக்க வேண்டும். மொரியா-சான் முதலில் எடுப்பார். அதுவரை மியாசாகா வெளியே படியில் உட்கார்ந்திருப்பாள். அடுத்து மியாசாகா எடுப்பாள். முப்பத்தொன்றாம் பக்கத்து விளக்கு அமைப்பு மியாசாகாவுக்கு மட்டும்.”