மூன்றாம் மாடி வைஃபையும் முதல் மாடிப் பொறாமையும்

இன்று முற்பகல் பதினொரு மணிக்கு, இக்குடியிருப்பின் முதல் மாடிப் பின்னறையில் தொடங்கிய காணொளித் தேர்வு பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது. நாற்பத்தைந்து நிமிடத்தில் படம் ஒருமுறைகூட உறையவில்லை. தகவல் தந்தவர் தேர்வில் அமர்ந்தவரே, அதாவது என் மனைவி. தேர்வு முழுமையாக நடந்தது என்று தேர்வாளர் அனுப்பிய மின்னஞ்சலையும் என் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

முப்பத்தோர் ஆண்டு செய்தியாளன் நான். செய்தியைச் சொல்லிவிட்டு வணக்கம் சொல்வதுதான் பழக்கம். கூச்சல் எத்தனை எழுந்தாலும் குரல் உயர்த்தாத கூட்டத் தலைவர் அவர்களே! தண்ணீர்த் தொட்டி நிரம்பும் நேரத்தைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய செயலாளர் அவர்களே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! கடைசி வரிசையில் கைப்பேசிக்குள் குனிந்திருக்கும் காளையரே, கன்னியரே! மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, நான் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட என் சகலையே! அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய நிரலில் நான்காம் பொருள், துணைச் செயலாளர் தேர்வு. அந்தப் பொறுப்புக்கு என் சகலையைத் தலைவர் முன்மொழிந்தார். வழிமொழிய என்னை அழைத்தார். வழிமொழிகிறேன். வயிற்றெரிச்சலோடு வழிமொழிகிறேன்!

சிரிக்காதீர்கள். உண்மையைத்தான் சொல்கிறேன்.

யார் இந்தச் சகலை? என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். லிஃப்ட் மெக்கானிக். நானோ நாலு ஊர்ச் செய்தியை நாடறியச் செய்தவன். எனக்கு அவர்மேல் பொறாமை வரலாமா? வந்தது! சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் மாடியில் உள்ள அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது வந்தது. புத்தக அலமாரிமேல் உள்ளங்கை அளவில் வெள்ளைப் பெட்டி ஒன்று. நடைவழியில் அதே போல இன்னொன்று.

"என்னப்பா இது?" என்றேன்.

"மெஷ் வைஃபைண்ணே. எந்த மூலைக்குப் போனாலும் ஒரே வேகம். பாத்ரூம்ல உக்காந்துகூட மேட்ச் பாக்கலாம்."

"பாத்ரூமுக்கு எதுக்குப் போறதுன்னே மறந்துட்டியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோறு மட்டும் இறங்கவில்லை!

ஏன் இறங்கவில்லை? என் வீட்டில் இருந்தது, ஃபைபர் இணைப்பு தந்த நிறுவனம் வாசலோரம் மாட்டிவிட்டுப் போன ஒரே ஒரு கறுப்பு ரவுட்டர். அதன் வைஃபை கூடத்தில் குதிரை, சமையலறையில் கழுதை, பின்னறையில் ஆமை. அந்தப் பின்னறைதான் என் மனைவியின் அலுவலகம். அவர் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாத நோயாளி ஒரு திரையில், மருத்துவர் ஒரு திரையில், நடுவே இவர். இரண்டு ஆண்டாகத் தற்காலிகப் பணி. நிரந்தரமாக வேண்டுமானால் இன்று நடந்த நேரலைத் தேர்வில் தேற வேண்டும். படம் இருமுறை உறைந்தால் தேர்வு ரத்து. அடுத்த வாய்ப்பு ஓர் ஆண்டு கழித்து.

அதற்காகத்தான் மெஷ் வாங்கினேன் என்று சொல்ல ஆசை. ஆனால் சகலை வீட்டில் இரண்டு பெட்டி. நான் வாங்கியது மூன்று. காரணத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை பெட்டிகளைப் பிரித்தேன். ஒன்றைக் கேபிள் போட்டுக் கறுப்பு ரவுட்டரில் செருகினேன். ஒன்றை நடைவழியில் வைத்தேன். ஒன்றைப் பின்னறையில், மனைவியின் மேசைக்கு மேலேயே. புது வைஃபைக்கு என்ன பெயர் வைப்பது என்று கைப்பேசிச் செயலி கேட்டது. சகலை வீட்டில் வீடு முழுக்க ஒரே பெயர் தெரிந்தது நினைவுக்கு வந்தது. அப்படியா? என் வீட்டிலும் ஒரே பெயர்தான் தெரிய வேண்டும்! கறுப்பு ரவுட்டரின் வைஃபைக்கு என்ன பெயரோ, என்ன கடவுச்சொல்லோ, அதையே மெஷ்ஷுக்கும் கொடுத்தேன். கறுப்பு ரவுட்டரின் வைஃபையை அணைக்கவில்லை. அணைத்தால் வேகம் குறைந்துவிடாதா? சகலையைவிட ஒன்று கூட இருந்துவிட்டுப் போகட்டுமே!

தெரிந்தவரிடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிடம். கேட்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் கேள்வி கேட்டுப் பிழைத்தவன், இரண்டு மாடி ஏறி ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை!

பின்னறையில் வைஃபை சிக்னலின் முழுக்கோடும் நின்றது. நெஞ்சு நிமிர்ந்தது. மனைவி தன் தோழியைத் திரையில் அழைத்து ஒத்திகை பார்த்தார். தோழி காது கேளாதவர், தையல்காரர், அன்று நோயாளியாக நடித்தார். எங்கே வலி என்று காட்ட அவர் கை எழுந்தது. மார்புக்கு நேரே வந்தது. அங்கேயே நின்றது. படம் உறைந்துவிட்டது! வலி மார்பிலா? இல்லை, கை வயிற்றுக்குப் போகிற வழியிலா? என் மனைவிக்குத் தெரியவில்லை. அவையோரே, நாம் பேசும்போது படம் நின்றால் குரலாவது வரும். கையால் பேசுகிறவருக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது!

ஞாயிறும் அப்படியே. திங்களும் அப்படியே. பெட்டிகளை இடம் மாற்றினேன், திருப்பினேன், தூசி தட்டினேன், திட்டினேன். செவ்வாய், அதாவது நேற்று மாலை, மனைவி மடிக்கணினியை மூடினார்.

"நாளைக்கு நான் தங்கச்சி வீட்ல போய் உக்காந்துக்கறேன்."

"அங்க எதுக்கு? இங்கதான் முழுக்கோடும் இருக்கே!"

"கோட்டை வச்சுக்கிட்டு நான் கோலமா போடறது? ஒண்ணு தம்பியக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. இல்ல, நான் மேல போறேன். உங்க பொறாமைய நீங்க தனியா வளத்துக்குங்க. என் வேலைய அதுக்குத் தீனியாப் போடாதீங்க."

(முன்வரிசையில் என்னம்மா கேட்கிறீர்கள்? ஆமாம், அவர் அப்படித்தான் பேசுவார். வீட்டில் தலையங்கம் எழுதுபவர் அவர்தான்.)

போனேன். லிஃப்டில் போகவில்லை, அதுவும் சகலை பராமரிப்பது! படியேறிப் போனேன். மூச்சிரைக்கக் கதவைத் தட்டினேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. அதற்கும் எனக்குக் கோபம். இறங்கி வந்தார், கைப்பேசியைப் பார்த்தார், கறுப்பு ரவுட்டரைப் பார்த்தார்.

"அண்ணே, கம்பெனி பொட்டியோட வைஃபைய அணைக்கலையா?"

"எதுக்கு அணைக்கணும்? இருக்கட்டுமேன்னுதான்..."

"பேருதாண்ணே ஒண்ணு. உள்ள ரெண்டு வைஃபை தனித்தனியா ஓடுது. அண்ணி லேப்டாப் இதுக்கும் அதுக்கும் தாவிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தாவலுக்கும் வீடியோ கால் அறுந்துடும். எங்க வீட்லயும் முதல்ல..."

"உங்க வீட்டுக் கதை வேண்டாம்ப்பா. வேலையப் பாரு."

பார்த்தார். கறுப்பு ரவுட்டரின் வைஃபையை அணைத்தார். இணைப்பை நிர்வகிக்கிற வேலையைக் கறுப்பு ரவுட்டரிடமே விட்டு, மெஷ் வெறுமனே வைஃபையைப் பரப்பினால் போதும் என்று அமைப்பை மாற்றினார். மேசைக்கு மேலிருந்த பெட்டியைப் பின்னறை வாசலுக்கு நகர்த்தினார். "கடைசி மூலைல வச்சா அதுக்கே சிக்னல் சரியா கிடைக்காதுண்ணே. கோடு மட்டும் முழுசாக் காட்டும்" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன்: பதினான்கு நிமிடம். எனக்கு ஆனது நான்கு நாள்!

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும்" என்றார் என் மனைவி. திருமணமாகி இருபத்தாறு ஆண்டு. அந்தக் குரலில் என்னிடம் அவர் பேசியதாக எந்தப் பதிவும் கிடைக்கவில்லை!

அவையோரே! பொறாமைப்படாதே என்று மேடையேறிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படுங்கள்! பக்கத்து வீட்டைப் பார்த்துப் படுங்கள், மாடி வீட்டைப் பார்த்து மனம் புழுங்கப் படுங்கள்! ஆனால் யாரைப் பார்த்துப் புழுங்குகிறீர்களோ, அவர் கதவையே தட்டிக் கேளுங்கள்! கேட்கக் கூசுகிறதா? கூசட்டும். கால் நடுங்குகிறதா? நடுங்கட்டும். நம் கூச்சத்துக்காக நம் வீட்டில் இன்னொருவர் கை பாதியில் நிற்க வேண்டுமா? நிற்கலாமா? நிற்க விடலாமா?

தட்டியதும் திறக்கிறவர், திறந்ததும் வருகிறவர், வந்ததும் குத்திக் காட்டாமல் வேலையை முடிக்கிறவர் துணைச் செயலாளராக வேண்டும் என்றால், என் வயிறு எரிந்தாலும் என் கை உயரும். உங்கள் கைகளும் உயரட்டும்!

என் மனைவியின் தேர்வு முடிவு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வரும் என்று தேர்வாளர் எழுதியிருக்கிறார். இன்று அறையைவிட்டு வெளியே வந்த என் மனைவி முதலில் அழைத்து நன்றி சொன்னது மூன்றாம் மாடிக்கு. படியேறிப் போனவனுக்கு வர வேண்டிய நன்றி நிலுவையில் உள்ளது. அதுவும் வெள்ளிக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது. இதை மட்டும் இன்னும் யாரும் உறுதிசெய்யவில்லை.

உங்களுக்குச் சேர வேண்டியதை நான் நிலுவையில் வைக்கவில்லை. இத்தனை நேரம் செவிகொடுத்ததற்கு என் நன்றியும் வணக்கமும், இப்போதே, இங்கேயே.