பேரம் பேசாத போர்ட்டுகளின் காவலருக்கு

கடுகளவு பச்சை விளக்கு ஒன்று, மொத்தமாக வாங்கினால், சட்டைப் பொத்தானைவிட மலிவு. அந்த விளக்கைச் சுட்டிக்காட்டி, "பச்சையா எரியுதே, அப்புறம் என்ன?" என்று தாங்கள் கேட்டபோதெல்லாம் நாங்கள் கொட்டிக் கொடுத்த பொறுமைக்கோ எந்தச் சந்தையிலும் விலை கிடையாது. பொத்தான் விலைக்குப் பொறுமையை விற்ற ஏமாளிகளாகிய நாங்கள், விற்றது விற்றதாகவே இருக்கட்டும் என்று மனந்தேறி, இம்மடலைத் தங்கள் முன் படிக்கிறோம்.

கம்பிகளைக் கட்டிக் காத்த காவலரே! சுவிட்ச் அறையின் சாவியை இடுப்பிலும் அதன் சங்கதிகளை நெஞ்சிலும் பூட்டி வைத்த பெருந்தகையே! கேட்ட கேள்விக்குப் பதில் தராமலே கேட்டவரைத் திருப்பியனுப்பும் கலையில் கரைகண்டவரே! பொத்தானும் ஜிப்பும் நூற்கண்டும் விற்கும் இம்மொத்த வணிக நிலையத்துக்குக் கருத்த தலையோடு வந்து, வெளுத்த தலையோடு இன்று விடைபெறும் எங்கள் பச்சை விளக்கு ஐயா அவர்களே! வணக்கம்.

மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்தையும் வாளியையும் காலிசெய்து கொடுத்த அறையே தங்கள் அரண்மனை. அங்கே சுவரில் அறைந்த இரும்புக் கூட்டுக்குள், வரிசை வரிசையாய் வாய்திறந்த, போர்ட் எனப்படும் துளைகளோடும் துளைக்கொரு பச்சை விளக்கோடும், நிலையத்துக் கணினிகளையெல்லாம் கம்பியால் இணைக்கும் அந்தச் சுவிட்ச். பார்வைக்கு எல்லாத் துளையும் ஒரே அச்சு. "ஒண்ணு மாதிரி இருக்குன்னு கண்டதுல சொருகாதீங்க" என்பதே எங்களுக்குத் தாங்கள் நடத்திய முதல் பாடமும் முழுப் பாடமும். பில் போடும் கணினிக்கான துளை பில் பிரிவின் போக்குவரத்தை மட்டும் விடும். கேமராவுக்கானது கேமராவுடையதை மட்டும் விடும். கடைசி வரிசையில் ஒரு துளை, ட்ரங்க் என்று பெயர், எல்லாப் பிரிவுகளையும் ஒருசேரச் சுமந்துகொண்டு பின்கட்டுக் கிடங்குக்கு ஓடும்.

முதலாளி ஒருநாள் அந்த ட்ரங்க் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தம் மடிக்கணினியைச் சொருகினார். கிடங்கு மொத்தமும் ஊமையானது. அவர் கணினிக்கும் ஒன்றும் வரவில்லை. ஓடி வந்த தாங்கள், "ஐயா, நீங்க இந்தக் கட்டடத்துக்கே முதலாளி. இந்த ஓட்டைக்கு மட்டும் இல்ல" என்றீர்கள். அவர் வாய் திறக்குமுன் சிவப்பு நாடாவும் ஒட்டி முடித்தீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தங்களை ஆண்டுக்கணக்கில் மன்னித்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

மன்னிக்க வேண்டியவை அவ்வளவு இருந்தன!

பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்த கூட்டம் நாங்கள். சுவிட்சின் போர்ட்டும் கணினியும்கூட எங்கள் சாதிதான் என்று தெரிந்தபோது மகிழ்ந்தோம். கம்பியைச் சொருகியதும் இரு முனையும் தமக்குள் பேரம் பேசி, என்ன வேகத்தில் ஓடுவது, இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதா அல்லது ஒருவர் முடித்தபின் மற்றவரா என்று முடிவு செய்துகொள்ளும். ஆட்டோ என்று அதற்குப் பெயர். தங்களுக்கோ அந்தச் சொல்லே ஆகாது. தாங்கள் வந்த காலத்துப் பழங்கணினிகள் பேரம் படியாமல் பொழுதெல்லாம் விட்டுவிட்டுத் துண்டித்துக்கொண்டிருந்தன. ஆகவே இருமுனையிலும் "நூறு, முழு" என்று தங்கள் கையாலேயே அடித்துப் பூட்டினீர்கள். நூறு வேகம், இருவழியும் ஒரே நேரத்தில். ஒரே விலை, பேச்சே கிடையாது. அன்று அது சரி. அன்றைக்கு அதைச் செய்ய இங்கே வேறு ஆளுமில்லை. ஆனால் பழைய கணினி போய்ப் புதிது வந்தபின்னும் பூட்டு மட்டும் அப்படியே இருந்ததே ஐயா, அதை என்னவென்று பாராட்டுவது!

மூன்றாம் கவுண்டர் அக்காவின் மேசைக்குத்தான் முதல் புதுக் கணினி வந்தது. கொண்டுவந்தவர்கள் அதை ஆட்டோவிலேயே விட்டுப் போனார்கள். அது பேரத்துக்கு அழைத்தது. தங்கள் போர்ட்டோ வாய் திறக்கவில்லை. வேகத்தை எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்ட கணினி, மற்றதற்குப் பதில் வராததால், எதிராளி பேசி முடித்தபின்தான் நான் பேசவேண்டும்போலும் என்று தானாகவே "பாதி" என்று வைத்துக்கொண்டது: ஒரு நேரத்தில் ஒருவழி மட்டும். ஒருபுறம் நிறுத்தாமல் பேசுபவன், மறுபுறம் அவன் நிறுத்தட்டும் என்று காத்திருப்பவன்; எந்த வியாபாரம் முடியும்? இரண்டு டஜன் பொத்தானுக்கான பில் பறந்துவிடும். வண்டிச் சரக்குக்கான பில் முக்கி முனகி, பாதியில் படுத்துவிடும்.

அக்கா அழைத்தார், வந்தீர்கள். விளக்கைப் பார்த்தீர்கள்: பச்சை. சோதனைக்குச் சின்னதாய் ஒரு செய்தி அனுப்பினீர்கள்: உடனே பதில். கம்பியை மாற்றினீர்கள். எலியைப் பழித்தீர்கள். தூசியைப் பழித்தீர்கள். பழிக்க வேறெதுவும் மிஞ்சாத நிலையில், "அந்தம்மா அடிக்கிறதே மெதுவு" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையை உதிர்த்தீர்கள். சோதனைச் செய்தியைவிட வேகமாக அது முதலாளி காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்காவைக் கிடங்குக்கு மாற்றி, ஜிப் எண்ணச் சொல்ல முடிவானது. கிடங்கு வேலை விளக்கு வைத்தபின்னும் நீளும். அக்காவின் மாமனாரோ படுத்த படுக்கை. பொழுது சாய்வதற்குள் போய் ஊட்டிவிட வேறு ஆளில்லை. மாற்றம் வந்தால் வேலையை விடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தங்களுக்கும் தெரியும்.

உத்தரவு தட்டச்சாகிக்கொண்டிருந்த மதியம், அக்கா தங்கள் அறைக்கு வந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டார். "சார், ஒரே ஒரு நாள் நாற்காலி மாத்திப் பாருங்க. ரெண்டாம் கவுண்டர்ல நான் உக்காரேன், என் இடத்துல அந்தக் கவுண்டர் கண்ணாடிக்காரர் உக்காரட்டும். அங்கயும் நான் மெதுவுன்னா நானே கிடங்குக்குப் போறேன்" என்றார். தாங்கள் மாட்டேன் என்றீர்கள். நாள் என்றவர் ஒரு வேளை என்று இறங்கினார். பிறகு ஒரே ஒரு பில் என்றார். பேரம் பேசத் தெரியாத தாங்கள் அதற்குமேல் தாங்கவில்லை.

இரண்டாம் கவுண்டரின் பழைய கணினியில் வண்டிச் சரக்கின் பில்லை அக்கா ஒரே மூச்சில் அடித்து எழுந்தார். விரல் வேகத்தில் வீரர் எங்கள் கண்ணாடிக்காரர். அவர் மூன்றாம் கவுண்டரில் அதே பில்லோடு வியர்த்துக் கிடந்தார். அப்போதுதான், நெடுநாளில் முதன்முறையாக, விளக்கைப் பார்க்காமல் கணினியிலும் சுவிட்சிலும் பதிந்திருந்த அமைப்பைத் திறந்து பார்த்தீர்கள். தங்கள் சுவிட்ச் "நூறு, முழு" என்றது. கணினி "நூறு, பாதி" என்றது. தங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தீர்கள், மறுபடி பார்த்தீர்கள்.

அதன்பின் முதலாளி அறைக்கு நடந்தீர்கள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் அத்தனை பேரும் காதை வைத்திருந்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. "அந்தம்மா மேல தப்பில்ல, மிஷின் மேலயும் இல்ல. ஒரு பக்கம் நான் பூட்டி வச்சேன், மறுபக்கம் திறந்து கெடந்துச்சு. தப்பு என்னுது. பேப்பரக் கிழிச்சுடுங்க" என்றீர்கள். காகிதம் கிழியும் ஓசை கேட்டது. திரும்பி வந்து அந்தப் போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றினீர்கள். அக்காவிடம் சென்று, "இனிமே ஓடும்மா" என்றதோடு சரி. அதற்கு அக்கா, "விளக்கு பச்சையா இருக்கா சார்?" என்று கேட்டதும், தாங்கள் சிரித்துவிட்டதும் இந்நிலையத்தின் வரலாற்றில் பொறிக்கத்தக்கவை!

இத்துடன் முடிந்திருந்தால் இம்மடல் முழுதும் தேனாக இருந்திருக்கும். தாங்கள் மாற்றியது அந்த ஒன்றைத்தான். மற்றவற்றையும் மாற்றுங்கள் என்று கெஞ்சினோம். "ஓடுறத ஏன் தொடணும்" என்றீர்கள். வரும் மாதம் எல்லாக் கவுண்டருக்கும் புதுக் கணினி வருகிறது. தாங்களோ சுவிட்சின் கடவுச்சொல்லையும் தலைக்குள் வைத்துக்கொண்டு இன்று மாலையோடு கிளம்புகிறீர்கள். அடுத்து மெதுவாகப் போகிறவர் யார், அடுத்த உத்தரவு யார் பெயருக்கு என்று எண்ணி எண்ணி எங்களில் பாதிப் பேருக்குப் பசியில்லை.

பல்லாண்டு நலமோடும் வளமோடும் வாழ்க! தங்கள் இல்லத்து அம்மையார் ஏதேனும் குறை சொன்னால் பச்சையாக இருக்கிறதே என்று சொல்லிவிடாமல், பேசும்போதே கேட்கவும் பழகி, இருவழியும் முழுதாக வாழ்க! இம்மடலைச் சட்டமிட்டுத் தந்துள்ளோம். ஆணி அடிக்குமுன் கீழே உள்ள கணக்கைப் படித்துக்கொள்க. கைதட்டல் ஓய்ந்ததும் மாடிப்படிக்கு அடியில் சந்திப்போம். வாளியை இம்முறை தங்களுக்காக அக்காவே கவிழ்த்து வைத்திருக்கிறார்.

இவண்,
முதல் கையெழுத்தாக மூன்றாம் கவுண்டர் அக்காவும், அவர் பின்னே நிலையத்தார் அனைவரும்.

தங்களுக்கு வரவு: முதலாளி முன் சொன்ன இரண்டு பேச்சு.
தங்கள்மேல் பற்று: போகிறபோக்கில் சொன்ன ஒரு பேச்சு. நேர் செய்தாயிற்று.
நிற்கும் பாக்கி: மூன்றாம் கவுண்டர் நீங்கலாக, பூட்டிய போர்ட்டுகள் அத்தனையும்.