அநாதைக் குட்டி தயார்

ஹலோ... ஹலோ, அக்கா? கேக்குதா?... ஆமா, ஆமா, உன் மெசேஜைப் பார்த்தேன். டிக்கெட்டே போட்டுட்டியா?... இல்லக்கா, சந்தோஷம்தான். தம்பி மூஞ்சியைப் பார்க்கணும்னு வர்றே, வா. அதுக்கு எதுக்கு நான் வேலை பார்க்கிற மிருகக் காப்பகத்துலயே சேவை செய்யப் பணம் கட்டினே?...

புண்ணியமா! ஐயோ என் அப்பாவி அக்கா! கூலி வாங்கிட்டுக் கூண்டு கழுவுறவன் நான். நீ கூலி கொடுத்துட்டுக் கழுவப் போறியா? நம்ம வீட்டு பாத்ரூமை என்னிக்காவது கழுவியிருக்கியா நீ?... சரி சரி, கத்தாதே.

கழுவுவீங்க, நீயும் உன்னை மாதிரி பணம் கட்டி வர்றவங்களும். நான் விடியக்காலையிலயே கழுவி வெச்ச கூண்டைத்தான் கழுவுவீங்க. நீங்க கூட்டணுமேன்னு மேல கொஞ்சம் வைக்கோலைத் தூவி வேற வைக்கணும்... சிரிக்காதே! போன கூட்டத்துல ஒரு பல் டாக்டரம்மா வேலிக்கு பெயின்ட் அடிச்சிட்டு, 'என் வாழ்க்கையே மாறிடுச்சு'ன்னு தேம்பித் தேம்பி அழுதாங்க. வர்றவங்க எல்லாருக்கும் அதே வேலிதான். பெயின்ட் தடிச்சுப்போயி இப்போ கதவே மூடமாட்டேங்குது!

குட்டிக்குப் பாலா?... ம், கொடுக்கலாம், கொடுக்கலாம். குரங்குக்குட்டியை மடியில வெச்சுப் புட்டிப்பால் கொடுத்து போட்டோவும் எடுத்துக்கலாம்... அநாதையா? விளம்பரத்துல அப்படித்தான் போடுவாங்க. ஆத்தாக்காரி பின்பக்கத்து ஷெட்ல குத்துக்கல்லாட்டம் இருக்கா...

நெசமாத்தான்க்கா. பழைய குட்டி வளர்ந்து கடிக்க ஆரம்பிச்சிடுச்சு. உங்க கூட்டம் வர்றதுக்குள்ள புதுசா ஒண்ணைத் தாய்கிட்டேருந்து பிரிச்சுப் புட்டிக்குப் பழக்கணுமாம். நாளைக்கேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு...

நீ வரலைன்னா மட்டும் நின்னுடுமா? வண்டி நிறைய ஆள் வருதே...

முடியாதுன்னு சொல்றதா? நல்லாச் சொன்னே போ. என் விசாவே அவர் கையிலதான் இருக்கு... ம்... ம்... கேக்குதுக்கா...

எப்படிப் பிரிக்கிறதா? குரங்குப் பிடின்னு சும்மாவா சொன்னாங்க? ஆத்தா வயித்தை அப்படிக் கவ்விக்கிட்டுக் கிடக்கும். ஒவ்வொரு விரலா எடுத்துவிடணும்...

யாருன்னா... யாரோ ஒருத்தர்... விடேன்க்கா, அதை எதுக்கு இப்போ...

நான்தான்.

ஹலோ?... அக்கா?... இங்க பாரு, நீ வா, என் ரூம்ல தங்கிக்கோ, காப்பகப் பக்கமே வரவேணாம்... அக்கா?... ஹலோ?...

வெச்சிட்டா.

...இதோ வர்றேன் சார்!... புட்டியா சார்? கழுவி வெச்சிட்டேன்.