சத்துக் குறைவு

கல்லூரி வலைப்பந்து அணியில் உதவிப் பயிற்றுவிப்பாளரின் முதல் வேலை பந்துக்குக் காற்றடிப்பதுதான், ஐயா. பலருக்கு இது தெரியாது. பதுளைப் பனிக்குப் பந்து இளகிவிடும். காலையில் தட்டிப் பார்த்தால் இடுப்புயரம்கூட எழாது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒன்பது பந்துக்கும் காற்றடித்து, மைதானத்தில் தேங்கிய மழைத்தண்ணியை வழித்துவிட்டு நிற்பேன். பதினொரு வருடம் அப்படி நின்றேன். குறையாகச் சொல்லவில்லை.

தலைமைப் பயிற்றுவிப்பாளர் தயாபரன் சேர் நல்ல மனுஷர். ஒரு நாளும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. "மத்தேயு இல்லாட்டி இந்த டீமே இல்ல" என்று யாரைக் கண்டாலும் சொல்வார். படம் எடுக்கும்போது அவர் நடுவில் இருப்பார், நான் ஓரத்தில் நிற்பேன். பத்திரிகையில் வரும்போது சில தடவை என் தோள் மட்டும் இருக்கும். அவர் ஓய்வுபெற வேண்டிய வருடம் வந்தது. அடுத்தது நீதான் என்று அதிபரே என்னிடம் சொல்லியிருந்தார். கடைசியில் சேருக்கு இன்னும் மூன்று வருடம் நீடிப்புக் கொடுத்தார்கள். அதைக் கொண்டாட கேக் வாங்கிவர என்னைத்தான் டவுனுக்கு அனுப்பினார்கள். வாங்கி வந்தேன்.

ஜெசிந்தினியைக் கண்டுபிடித்ததும் நான்தான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்துக்கு அடுத்த லயத்து வீடு அவளுடையது. அம்மா றோசாலி கொழுந்து எடுக்கிறவர். நெட்டையான பிள்ளை. எதிரணி கையை உயர்த்துவதற்குள் பந்து வளையத்துக்குள் விழுந்திருக்கும். அவளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க நானே படிவம் நிரப்பினேன்.

அந்த வருடம் மாகாண இறுதிப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பயிற்சியில் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். றோசாலி அக்கா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவர் மைதானத்து ஓரத்தில் நின்று என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். தயாபரன் சேருக்கென்று வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதியது. வைத்தியர் சிங்களத்தில் சொன்னது அக்காவுக்குப் பாதி விளங்கவில்லை.

"என்ன தம்பி எழுதியிருக்கு? நீங்க நம்ம ஆளு, ஒழுங்கா சொல்லுவீங்க."

வாசித்தேன். இதயத் தசை தடித்திருக்கிறது, ஓடி விளையாடவே கூடாது, உடனே கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இரண்டு தடவை வாசித்தேன்.

"சத்துக் குறைவாம் அக்கா. கீரை, முட்டை குடுக்கச் சொல்லியிருக்கு. சேர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அக்கா சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முருங்கைக்கீரை வறையும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு பூனாகலையிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மயக்கம் போட்டு விழுவாள், சுகமில்லாத பிள்ளையை ஓடவிட்டதாக ஒரு பேச்சு வரும், சேர் ஒதுங்க வேண்டி வரும். அவ்வளவுதான் நினைத்தேன். அதில் பெரிய தீங்கு இருப்பதாக அப்போது படவில்லை.

இறுதிப் போட்டியன்று காலையில் அவள் முகம் வெளிறியிருந்ததைத் தயாபரன் சேர் கவனித்துவிட்டார். இன்றைக்கு அவளை உட்கார வைக்கலாம் என்றே சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"டொக்டர் என்ன சொன்னாங்க மத்தேயு?"

"ஒண்ணுமில்ல சேர். விளையாடலாம்னு சொல்லிட்டாங்க."

மூன்றாவது கால்பகுதியில் விழுந்தாள். பந்து அவள் கையில் இருக்கவில்லை. சும்மா திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ஆட்கள் கல்லூரி வாசலில் வந்து நின்றார்கள். கிண்ணத்துக்காகப் பிள்ளையைக் கொன்றுவிட்டார் என்று சேரைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் "நான்தான் கவனிச்சிருக்கணும்" என்று விசிலைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனார். கடிதம் எழுதிய வைத்தியர் அதற்குள் மாற்றலாகியிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாலு வருடமாக நான் தலைமைப் பயிற்றுவிப்பாளர். இரண்டு தடவை மாகாணக் கிண்ணம் எடுத்திருக்கிறோம். ஆனால் பயிற்சி நேரத்தில் கோட்டோரம் நிற்கும்போது வலது தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சுக் கேட்கும். ஏற்றம் ஏறி வந்து நிற்கிறவர்களின் மூச்சு. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும், அதனால்தான் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு வருடமும் அவளுடைய நினைவுத் திருப்பலிக்கு றோசாலி அக்கா என்னைக் கூப்பிடுவார். முன்வரிசையில் உட்கார வைப்பார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார். "நான் இன்னும் கொஞ்சம் சத்தா குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா தம்பி?" உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் அக்கா என்று ஆறுதல் சொல்வேன். அவருக்கு அது பெரிய ஆறுதல்.

போன மாதம் றோசாலி அக்காவின் சின்ன மகள் சஜீவனிக்கும் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஜெசிந்தினிக்கு நடந்ததைக் கேட்ட புது வைத்தியர் பழைய காகிதம் ஏதும் இருக்கிறதா என்றாராம். றோசாலி அக்கா என்னிடம் வந்தார். தொலைந்துவிட்டது என்றேன். மூன்று நாள் மைதானத்துக்குப் போனேன். மூன்று நாளும் தோளுக்குப் பின்னால் இரண்டு மூச்சுக் கேட்டது. நாலாம் நாள் கடிதத்தைக் கொண்டுபோய் அந்த வைத்தியரிடம் கொடுத்தேன். சஜீவனியை உடனே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். அதன் பிறகுதான் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். யாரும் பிடித்து வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

றோசாலி அக்காவிடம் கடிதத்தில் இருந்ததைச் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. வைத்தியரே சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரி நடையில் அக்கா என்னைக் கடந்துபோனார். நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கடிதத்தை மறைத்தேன், தாயிடம் பொய் சொன்னேன், சேரிடமும் பொய் சொன்னேன். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைத் திருத்தி எழுதுங்கள் ஐயா. நான் ஜெசிந்தினியைக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவளைக் களத்தில் இறக்கியது தயாபரன் சேர். ஆளை இறக்குவதற்கு உதவிப் பயிற்றுவிப்பாளருக்கு அதிகாரம் கிடையாது.