ஆயிரங்கால் சடை

— ஆடாத புள்ள! கழுத்த ஒரு நிமிசம் நேரா வெச்சிக்கினா இன்னா, தேஞ்சா பூடுவ? மூணாவது தபா அவுத்துப் பின்றேன்.

— நீ இறுக்கிப் பின்னு, கன்னியக்கா. வலிச்சா வலிக்கட்டும். இன்னிக்கு ஒத்த முடி கூட வெளிய நீட்டிக்கினு இருக்கக் கூடாது.

— நீட்டாம இருக்க இது இன்னா முடியா? கருவேலங்காடு! அடர்த்தி ஒரு பக்கம்னா, அதுல லேயர் கட்டு வேற. காதாண்ட ஒரு நீளம், தோளாண்ட ஒரு நீளம், முதுகுல ஒரு நீளம். மூணு பேரு முடிய ஒரே சடைல பின்ற கதை.

— பத்து மாசமா இதையே சொல்ற. ஏஞ்சலின் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு வெட்டிக்கினேன். அதான் வளத்துக்கினு இருக்கறேன் இல்ல?

— வளத்துக்கோ, வளத்துக்கோ. அது வரிக்கும் ஆயிரங்கால் சடைதான் கதி. உச்சில புடிச்சி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கினே வரணும். குட்ட முடி எங்க முடியுதோ அங்க நெட்ட முடிய மேல போட்டு அமுக்கிட்டா, அது எப்படி எட்டிப் பாக்கும்? இந்தா, தண்ணி இன்னும் கொஞ்சம் தெளி. காஞ்ச முடி சொன்ன பேச்சு கேக்காது.

— ஸ்லைடு குத்தலாம்னா கம்பெனில அதுவும் கூடாதுங்கறான். பிஸ்கட்ல வுழுந்துடுமாம். சீரியஸா சொல்றேங்க்கா, உன் கை மட்டும் இல்லன்னா என்னிக்கோ என்னை கேட்டுக்கு வெளிய தள்ளியிருப்பாங்க.

— நான் இன்னா பெருசா செஞ்சிட்டேன். உங்கம்மா மட்டும் என் புள்ளையப் பாத்துக்கலன்னா நான் ஷிப்ட்டுக்கே வர முடியாது. அத்த நெனச்சா, தெனம் உனக்கு ஒரு சடை பின்றது ஒரு வேலையா? மணி இன்னா ஆவுது?

— ஆறே கால். பஸ்ஸு ஏழுக்குத்தான்.

— கூப்ட்டு வுட்ருக்கறது எத்தினி மணிக்கு?

— என்கொயரி பத்து மணிக்கு. மெதுவாப் பேசுக்கா, அம்மா அடுப்பாண்ட இருக்குது. அதுக்கு ஒண்ணும் தெரியாது. பிஸ்கட் பாக்கெட்ல முடி கெடந்துச்சு, அது உன் பொண்ணு முடிதாங்கறாங்கன்னு கேட்டா தாங்காது.

— சொல்லவே இல்லியா நீ?

— எப்படிச் சொல்றது? எனக்கும் அதுக்கும் பேச்சு இருக்குதே. ஒண்ணாந்தேதி பர்மனென்ட் லெட்டர் வந்துட்டா, மூணு வருசத்துக்கு கல்யாணப் பேச்ச எடுக்கக் கூடாது. லெட்டர் வரலன்னா, வாய மூடிக்கினு பாக்கியராஜ் மாமா பையனுக்குக் கழுத்த நீட்டணும். ரெண்டு பேரும் பைபிள் மேல கை வெச்சி சொல்லியிருக்கறோம்.

— எபினேசர் அப்படி ஒண்ணும் கெட்ட பையன் இல்லியே.

— கெட்டவன்னு யாரு சொன்னா? அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. வருசத்துக்கு ஒரு தபா கிறிஸ்மஸுக்கு கேக் எடுத்துக்கினு வருவான், டிவியப் பாத்துக்கினே துன்னுட்டுப் போவான். அவன் கூட நான் காலம் தள்ளணுமா? நான் லைன் லீடர் ஆவணும்க்கா. என் சம்பளத்துல ஊட்டுக்கு மேல ஒரு ரூம் எடுக்கணும். ரெண்டு வருசமா காண்ட்ராக்ட்ல நின்னு கால் வீங்கினது எல்லாம் இதுக்குத்தான்.

— சரி, சரி. தலைய ஆட்டிக்கினு பேசாத. அவுந்துடும்.

— நேத்து சூப்பர்வைசர் ஆதிநாராயணன் சாரு அந்த முடியக் காமிச்சாரு.

— எந்த முடிய?

— பாக்கெட்ல கெடந்தத. செவ்வாக்கெழம செக்கிங்ல எடுத்தாங்க இல்ல, அத்த ஒரு கவர்ல போட்டு ஒட்டி வெச்சிருக்கறாரு. என்னுதுதான்க்கா. நுனி செம்பட்டையா, தோள் நீளம். லைன்ல கலர் அடிச்ச தலை என்னுது ஒண்ணுதானே.

— அப்ப தலைல போடற கேப்புலேர்ந்து நழுவி வுழுந்திருக்கும். உன் முடிதான் ஒரு எடத்துல நிக்காதே.

— அவரும் அதையேதான் சொன்னாரு. நானும் ராத்திரி பூரா அதையேதான் நெனச்சிக்கினு படுத்திருந்தேன். நழுவி வுழுந்த முடி எப்படிக்கா மோதிரமாட்டம் சுருண்டு கெடக்கும்?

— சுருண்டா?

— ஆங். வெரல்ல சுத்தி, முடிச்சு போட்டு. சீப்புல வந்தத சுத்தி, தூ தூன்னு துப்பிட்டுப் போடுவாங்களே, அப்படி. சாரு ஆம்பள, அவருக்கு அது தெரியல. எனக்குத் தெரியாதா? ஏன், கை நின்னு போச்சு?

— சிக்கு.

— சிக்கு ஒண்ணும் இல்ல. பின்னு. கம்பெனிக்குள்ள யாரு தலை வாருவாங்க? அது ஊட்லேர்ந்து போன முடி. ஞாயித்துக்கெழம அம்மா எண்ணெ வெச்சி வாரும். அது பிஸ்கட் கம்பெனிக்குள்ள வருமா இன்னா? மத்த ஆறு நாளும் என் தலை உன் கையிலதான் இருக்குது.

— அடி இவளே! நானா முடிய சுத்தி முடிச்சு போடறவ? இந்தா பாரு, உன் கண்ணு முன்னாடிதானே கவர்ல அடைச்சிக்கினு இருக்கறேன். முடிக்காரன் வந்தா ஒரு சில்வர் டப்பா குடுப்பான்னு.

— சுத்தினது யாருன்னு நான் கேக்கலியே. பாக்கெட்ல போட்டது யாரு? சீல் மிஷினுக்கு முன்னாடி நிக்கறவ நீ. பாக்கெட்ல நம்பர் அடிக்கறது நான். நடுவுல ஒரு ஈ காக்கா கெடையாது.

— பிரின்சி...

— திரும்ப மாட்டேன். உன் மூஞ்ச பாத்தா நான் நம்பிடுவேன். பின்னிக்கினே சொல்லு.

— இன்னாத்த சொல்ல சொல்ற?

— யக்கா!

— நாந்தான் போட்டேன்.

— ஐயோ.

— அழாத. அழுவாத புள்ள, உங்கம்மாக்குக் கேக்கும்.

— கேக்கட்டுமே! நீ இல்லன்னு சொல்லுவேன்னு நெனச்சேன் தெரியுமா? வெடிகாலையிலேர்ந்து வேண்டிக்கினு இருந்தேன். இல்லன்னு சொல்லிடு, நான் நம்பிடறேன்னு. உன் கையில தலையவே குடுத்துட்டு முதுகு காமிச்சி ஒக்காந்திருந்தேனே, தெனம் தெனம்! அன்னிக்குக் காலைலயும் இதே எடத்துலதானே பின்னி வுட்ட? முடிய மடியில வெச்சிக்கினேதான் பின்னுனியா?

— ஆமா.

— சீ! தொடாத. இல்ல, இரு, உடாத, பாதியில உட்டா அவுந்துடும். லிஸ்ட்ல எனக்கு அடுத்த பேரு உன்னுது. அதானே? நான் போனா நீ பர்மனென்ட். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்தான். ஆனா மூஞ்சிக்கு நேரா சண்ட போட்டிருக்கலாம் இல்ல? கூட இருந்தே குழி பறிக்கணுமா?

— எனக்கு அந்த ஆச இல்லன்னு சொன்னா நாக்கு அழுவிப் பூடும். இருந்துச்சு. ஆனா அதுக்காவ செய்யல.

— பின்ன எதுக்காவ?

— கேக்காத. என் புள்ள தலைமேல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க.

— யாரு? நம்ம லைன்ல நிக்கற லோகுவா? அவன் ஆரம்பத்துலேர்ந்தே எம்மேல ஒரு மாதிரிதான்.

— லோகு பாவம். கம்பெனி ஆளே இல்ல.

— கம்பெனி ஆளு இல்லன்னா, நான் வேலைல இருந்தா அவங்களுக்கு இன்னா வந்துச்சு?

— ஒரு பேப்பர்ல மடிச்சி கையில குடுத்தாங்க. போட்டுடு, சும்மா வார்னிங் குடுப்பாங்க, அதுவே மனசு உட்டுப் போயி நின்னுடும், பொண்ணுக்கு நல்லதுதான்னாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினாங்க. மூணாவது நாளு என்னால முடியல புள்ள. அவங்க தயவு இல்லன்னா எனக்குப் பொழப்பே இல்ல.

— எனக்கு நல்லதா? எது நல்லதுன்னு அவங்க யாரு சொல்றதுக்கு? பேரச் சொல்லு.

— என் வாயால வராது. அடி, அடிச்சிக்கோ. பேரு மட்டும் கேக்காத.

— சரி, பேரு வேணாம். பத்து மணிக்கு நீயும் உள்ள வா. நான் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. வேற யாரையும் இழுக்க வேணாம்.

— சொன்னா என்னைத் தொரத்திடுவாங்க.

— சொல்லலன்னா என்னைத் தொரத்துவாங்க. நான் ஒரு தப்பும் செய்யாம! வர்றியா, இல்லியா?

— தலையக் குனி, நுனி பின்னணும்.

— யக்கா, வர்றியா?

— வரேன். வரேன் தாயே. உன் தலையத் தொட்ட கையி, வந்து சொல்லிடறேன். ரப்பர் பேண்ட குடு, முடிச்சிடறேன்.

— சும்மா சொல்லல இல்ல?

— இல்ல. உங்கம்மா இருக்கறப்ப மட்டும் பேசாத. வந்துக்கினு இருக்குது பாரு.

— கண்ணத் தொடச்சிக்கோக்கா. அதுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது.

— கன்னி, ஏன்டி இவளுக்கு இவ்ளோ இறுக்கிப் பின்ற, தலைவலி வரப் போவுது. பிரின்சி கண்ணு, இன்னிக்கு உனக்கு சோறு கட்டல. பத்து மணிக்குக் கூப்ட்டாங்கன்னா மத்தியானத்துக்குள்ள ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க, ரெண்டு மணிக்கு பாக்கியராஜ் மாமா உனக்குப் பூ வெக்க வராரு. அந்தக் குட்ட முடிய நெனச்சிக் கவலப்படாத, போன வாரமே சவுரி வாங்கி வெச்சிட்டேன்.