வேலுமணிக்கு நான் படித்துக் காட்டிய பாட்டு

உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, ஐயா. ‘மலர் போன்ற முகம்’ உவமை. ‘முகமலர்’ உருவகம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். தற்குறிப்பேற்றத்தில்தான் தடுமாறுவார்கள். புளியமரம் தானாக இலை உதிர்க்கிறது. ஊரைவிட்டுப் போகிற பெண்ணை நினைத்து அது அழுகிறது என்று புலவன் எழுதுகிறான். இயல்பாக நடப்பதன்மேல் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது, அவ்வளவுதான்.

சின்னாளபட்டியில் பதினான்கு வருடமாக இதைத்தான் நடத்துகிறேன். பெயர் தண்டாயுதபாணி. எழுதிக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தொன்பதில் கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்து என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பதற்றத்தில் அந்தப் புளியமர உதாரணத்தை உருவகம் என்று சொல்லிவிட்டேன். நெசவுகாரர் வேலுமணியின் மகள் சொர்ணலட்சுமி எழுந்து, “அது தற்குறிப்பேற்றம் இல்லையா, ஐயா?” என்றாள். “பிள்ளை சொல்றதுதான் சரி” என்றார் அதிகாரி. அவள் பணிவாகத்தான் கேட்டாள். மறுநாள் தனியாக வந்து மன்னிப்பும் கேட்டாள். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றேன். அதற்கப்புறம் அவள் பக்கம் பார்க்காமலே பாடம் நடத்தினேன்.

படிப்பு முடிந்ததும் அவள் தறியில் உட்கார்ந்துவிட்டாள். சேவுகம்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, தையில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள்.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வேலுமணி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நூல் கட்டுக்கு அடியில் கிடந்ததென்று ஒரு நோட்டை நீட்டினார்.

“எந்நேரமும் இதுல எழுதிக்கிட்டே இருக்கா, வாத்தியாரய்யா. போற எடத்துல ஏதும் பேச்சு வந்துறக் கூடாதுல்ல. செத்த பாத்துச் சொல்லுங்க.”

ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ‘எத்தனை நாள் காத்திருந்தேன். இன்றுதான் வந்தான். தறியைவிட்டு எழுந்து ஓடினேன். யார் கூப்பிட்டும் நிற்கவில்லை. தெருவில் நின்று இரண்டு கையாலும் அவனை வாங்கிக்கொண்டேன்.’

அவன் என்பது மழை, ஐயா. நல்ல பாட்டு. என்னிடம் படித்த எவரும் அப்படி எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை.

வேலுமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. “யாரு அந்தப் பய?”

“பேர் எழுதலையே. பெத்தவரு நீங்க, நீங்கதான் கேக்கணும்.”

அதில் ஒரு பொய்கூட இல்லை. எழுதியதை எழுதியபடி படித்தேன். திட்டுவார், நோட்டைக் கிழித்துப் போடுவார், அவளும் எழுதுவதை நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

இருட்டுவதற்குள் தறிக்கட்டையால் அடித்திருக்கிறார். பொட்டில் பட்டுவிட்டது. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் சொன்னாள்: அடிபடும்போது “மழைப்பா, மழைப்பா” என்றே கத்தினாளாம். வெயில் அடித்துக்கொண்டிருந்ததால், பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் நினைத்தார்களாம்.

எழவுக்குப் போனேன். மாலையும் போட்டேன். அந்தப் பையன் யாராக இருக்கும் என்று பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடமே ஒரு அம்மாள் கேட்டாள். தெரியாது என்றேன். மூன்று நாளாக வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியே நிற்கிறேன். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

வேலுமணி உங்கள் லாக்கப்பில், மகள் கெட்டுப்போனாள் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் வாயால் முடியாது.

ஒரு பொய்கூட இல்லை என்றேனே, அதை அடித்துவிடுங்கள். நோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியவர் வாசற்படியில் நின்றார். திறந்த பக்கத்தின் உச்சியில் பாட்டுக்குத் தலைப்பு இருந்தது. இரண்டே எழுத்து. பெரிதாக எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாள். அதன்மேல் விரலை வைத்து, “இது என்னய்யா, தனியா எழுதியிருக்கா?” என்று கேட்டார்.

“அது கிழமை, வேலுமணி. செவ்வாய்னு போட்டிருக்கா. அவன் வந்த கிழமை” என்றேன்.