மச்சானின் குரலில்

என் மச்சான் வீரகத்திக்குப் போனில் பேசுவதென்றாலே பிடிக்காது. மணி அடித்தால் எடுப்பான், "ஓம், சொல்லு" என்பான், விஷயம் முடிந்ததும் வைத்துவிடுவான். நேரில் வந்தால் ஆள் வேறு. வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தும்போதே கதை தொடங்கிவிடும்; கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். அப்படிப்பட்டவனின் குரல்தான் கடைசியில் இந்த வாவிக்கரை முழுவதும் போனில் கேட்டது. அதைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நஸீறா மிஸ். நான் ஒன்றையும் ஒளிக்கப் போவதில்லை. முறையாகச் சொல்கிறேன்.

நான் நல்லரத்தினம், கடற்றொழில் உத்தியோகத்தர். வீரகத்தி என் மனைவி பத்தினிப்பிள்ளையின் தமையன். அதற்கு முன்பே என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். நான் உத்தியோகத்துக்கு வந்தேன், அவன் வாவிக்குப் போனான். கண்ணாமுனை மீனவர் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். வலைத் தகராறு என்றாலும் புருசன் பெண்சாதித் தகராறு என்றாலும் ஊரார் அவனிடம்தான் போவார்கள். அவன் சொன்னால் சரி என்று திரும்பி வருவார்கள். எனக்கு அதில் பொறாமை இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கவில்லை.

அரசாங்கமும் கொழும்புக் கம்பனி ஒன்றும் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுத் திட்டமொன்றை மாவட்டத்துக்குக் கொண்டு வந்தபோது, எங்கள் பகுதிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். காற்று, மழை, முகத்துவாரத்து நீரோட்டம், இறாலுக்கு வரும் நோய், எல்லாவற்றையும் மெசின் கணித்து மீனவர்களின் போனுக்குக் குரலாக அனுப்பும். தகவல் அரசாங்கத்துடையது, மெசின் கம்பனியுடையது. இரு பகுதியும் சேர்ந்திருந்து பார்க்க ஒரு குழு. மெசின் தன்பாட்டில் எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒப்பந்தத்தில் மனித மேற்பார்வை என்றொரு பிரிவு வைத்தார்கள். ஒவ்வொரு செய்தியையும் ஒரு மனிதன் படித்து, சரி என்று அழுத்திய பிறகுதான் அது போகும். எங்கள் பகுதிக்கு அந்த மனிதன் நான்.

முதலில் ஒருவரும் கேட்கவில்லை. மெசின் பேசியது செய்தி வாசிப்பவரின் தமிழ். "ஆரோ பொம்புள லோன் தாறன் எண்டு எடுக்கிறா" என்று வைத்துவிடுவார்கள். ஊர்க்குரல் ஒன்று வேண்டும் என்றார் கம்பனியின் மாவட்டப் பொறுப்பாளர் துசாந்தன். நான் வீரகத்தியின் பேரைச் சொன்னேன்.

என் வீட்டில் வைத்துத்தான் பதிவு செய்தோம். குரலை மட்டும்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லியும் அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். பத்தினிப்பிள்ளை கோழிகளைப் பின்வளவுக்குத் துரத்திவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். துசாந்தன் கொடுத்த வசனங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனவன் அரைவாசியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"மச்சான், இத வெச்சி நான் சொல்லாத ஒண்ட நான் சொன்னதா ஆக்க ஏலுமா கா?"

துசாந்தன் பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஏலும். அதுக்குத்தான் நான் இரிக்கன். என்ட கண்ணுக்குத் தப்பி ஒரு சொல்லும் போகாது."

"நீ இரிக்காயெண்டாச் சரி" என்று மிச்சத்தையும் வாசித்து முடித்தான்.

நான் சொன்னது பொய்யில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கடைசிவரை என் கண்ணுக்குத் தப்பி ஒரு சொல்லும் போகவில்லை.

அந்த மாரியில் ஒரு பின்னேரம், வானம் தெளிவாக இருந்தபோதே, தோணிகளைக் கரையேற்றச் சொல்லி அவன் குரல் போனது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவன் குரல் என்பதால் கரைக்குக் கிட்ட நின்றவர்கள் வலையை அப்படியே விட்டுவிட்டு, தூரத்தில் நின்றவர்களையும் கூவிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாவி தலைகீழாகப் புரண்டது. கண்ணாமுனையில் ஓர் உயிரும் போகவில்லை. அதன் பிறகு மாங்கேணிப் பக்கத்திலும்கூட அவன் குரலையே கேட்டார்கள். றோட்டில் கண்டு நன்றி சொல்ல வந்தவர்களிடம், "நான் அந்நேரம் நித்திரை. சொன்னது மெசின், அனுப்பினது என்ட மச்சான்" என்று என்னைக் கைகாட்டுவான். கொழும்பில் ஒரு பெரிய மாநாட்டில் என்னை மேடையேற்றினார்கள். அரசும் வணிகமும் மக்களும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் உதாரணம் என்றார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பிறகு இறால் பண்ணை வந்தது. கம்பனிக்காரரின் இன்னொரு தொழில் அது. கண்ணாமுனைத் தோணிகள் கரையேறும் வடகரையையும் அதை ஒட்டி நீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாக் காட்டையும் கேட்டார்கள். அரசாங்கத்துக்கு விருப்பம். மக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைக்க வேண்டும் என்பது மட்டுமே பாக்கி. பண்ணை வந்தால் ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஒருநாள் துசாந்தன் என் கடற்றொழில் கந்தோருக்கு வந்தார். "சேர், உங்கட மச்சான் காத்தான்குடி லோயர் மஜீட்டப் பிடிச்சி, ஊரையே கூட்டத்துக்குக் கொண்டு வாறாராம். உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் பத்தினிப்பிள்ளையிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீங்க அவங்கட ஆள், சொன்னா உங்களுக்குத்தான் கரைச்சல் எண்டு அண்ணன் சொல்ல வேணாமெண்டார்" என்றாள். கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டவும் ஒப்புக்கொண்டிருந்தாள், என் வீட்டு அடுப்பில். அவன் பேரை நாலு ஊருக்குத் தெரியப்படுத்தியவன் நான். அந்தப் பேரை வைத்து, எனக்குத் தெரியாமல், எனக்கு எதிராக ஆள் சேர்த்தான். யார் யாருக்கு முதலில் துரோகம் செய்தது என்பதை நீங்கள் எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

"ஒரேயொரு மெசேஜ், சேர்" என்றார் துசாந்தன். மறுத்தேன். மாவட்டத்தில் தொடங்கவிருந்த செயற்கை நுண்ணறிவு நிலையத்துக்குப் பணிப்பாளராக என் பேர் அடிபடுவதைப் பற்றி அவர் கதைத்தார். அமைச்சுச் செயலாளரும் ஒரு விருந்தில் என் தோளில் கைவைத்து, "கூட்டம் அமைதியாக முடிந்தால் எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். துசாந்தன் எழுதிக் கொண்டுவந்த வசனத்தைப் படித்தபோது, தமிழ்தான் என்னை உறுத்தியது. 'இன்று நடைபெறவிருந்த கூட்டம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. வீரகத்தி வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் திருத்தினேன்.

"நான் வீரகத்தி. இண்டைக்குக் கூட்டம் இல்ல. பெரியாக்களோட கதைச்சிட்டன், நம்மட கரைக்கு ஒண்டும் வராது. சும்மா அலையாதீங்க, தொழிலுக்குப் போங்க. மறுகா வந்து சொல்றன்."

எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பது எனக்குத் தெரியும். அங்கே இடைவெளி விட்டேன். செய்தி போகும் இலக்கங்களிலிருந்து அவனுடையதை மட்டும் எடுத்தேன். அவன் முதல்நாளே மஜீட்டின் வீட்டுக்குப் போய்விட்டான். விடிந்ததும் அழுத்தினேன். வேலை சுத்தமாக இருந்தது. அவன் மகள் உசாந்திகூட, அப்பாதான் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

பிரதேச செயலக மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் அவனும் மஜீட்டும் இருந்தார்கள். பின்னால் முழுக்க வெறுங்கதிரைகள். கதவுப் பக்கம் ஆள் அசைந்தாலே திரும்பிப் பார்த்தான். போன் எடுத்துப் பார்த்தான். எல்லாரும் வாவிக்குள் தூரத்தில், சிக்னல் இல்லை. இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் வந்தான்.

"என்ன மச்சான், ஒருத்தரையும் காணல்ல?"

"வருவாங்க" என்றேன்.

எதிர்ப்பு ஒன்று என்று பதிந்து கூட்டத்தை முடித்தார்கள். கொஞ்ச நாளில் வடகரையில் முட்கம்பி விழுந்தது.

அதற்கு முன்பே, கூட்டம் நடந்தது தெரிந்ததுமே, ஊரார் அவன் வீட்டுக்குத்தான் போனார்கள். கூட்டம் இல்லை என்று எங்களை வாவிக்கு அனுப்பிவிட்டு, நீ மட்டும் போய் என்ன கதைத்தாய் என்று கேட்டார்கள். தான் சொல்லவில்லை என்றான். செய்தியைப் போட்டுக் காட்டினார்கள். அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை. சங்கக் கூட்டத்துக்குத்தான் போனேன். மஜீட் எழும்பி, வீரகத்தி எதிர்ப்புச் சொல்லத்தான் வந்தான், நான் பக்கத்தில் இருந்தேன் என்றார். வெளியூர் லோயரின் பேச்சு எடுபடவில்லை. மெசின் பிழையாகச் சொல்லியிருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மச்சான், நீ சொல்லு கா" என்றான் வீரகத்தி. "நான் சொல்லல்ல எண்டு உனக்குத் தெரியும்தானே."

அவன் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். துளியும் சந்தேகப்படவில்லை. தன்னைக் காப்பாற்ற வந்தவன் என்றே என்னைப் பார்த்தான்.

"மெசின் தன்பாட்டில ஒண்டும் சொல்லாது" என்றேன். "ஆராவது சொன்னாத்தான் அது பேசும். குரல் உன்ட குரல்தான் மச்சான்."

இதிலும் ஒரு பொய்யும் இல்லை. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துபோனான். தலைவர் பதவியை எடுத்தார்கள். அவன் வலைகளை யாரோ அறுத்துப் போட்டார்கள். உசாந்திக்குப் பேசி வைத்திருந்த கலியாணமும் நின்றுபோனது.

அதன் பிறகு அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். என்னோடு மட்டும் இல்லை, எல்லாரோடும். கடைக்குப் போனால் சாமானைக் கைகாட்டி வாங்குவான். வீட்டில் சோறு வேண்டுமா என்று கேட்டால் தலையசைப்பான். தங்கச்சி போய்க் காலடியில் இருந்து அழுதும் வாய் திறக்கவில்லை. ஆனால் போன்களில் அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். மழை வரும், காற்று வரும் என்று ஊர் முழுக்க அவன் குரல் சொல்லும். அவன் வேலியோரம் இருந்து கேட்பான். ஆளைத் திட்டிக்கொண்டே குரலைக் கேட்டார்கள். குரலை மாற்றலாமா என்று குழுவில் ஒருமுறை பேச்சு வந்தது. உயிர்களைக் காக்கும் குரல், மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அவன் செத்த காலையிலும் என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். கடும் காற்று வரப்போவதாக மெசின் சொன்னது. படித்துப் பார்த்து உடனேயே அனுப்பினேன். உசாந்தியின் போனில் அது ஒலித்தபோது அவன் முற்றத்தில் இருந்தானாம். 'இண்டைக்கு வாவி சரியில்ல, ஒருத்தரும் தோணி இறக்க வேணாம்.' முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பித் துடுப்பை எடுத்திருக்கிறான். அந்தப் பிள்ளை பதற்றத்தில், "அப்பா, நீங்கதானே போக வேணாமெண்டு சொல்றீங்க" என்றிருக்கிறாள். அவன் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். காற்று அடங்கிய பிறகு, கண்ணா வேர்களுக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். பாடை தூக்க எனக்கும் இடம் தந்தார்கள்.

தான் சொன்ன அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல்தான் உசாந்தி உங்களிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். கம்பனி உங்களுக்கு எழுதியிருப்பதையும் பார்த்தேன்: தொழில்நுட்பத்தில் பிழையில்லை, கள மட்டத்தில் மனித மேற்பார்வை தவறிவிட்டது. அமைச்சும் அதே வசனத்தை எழுதியிருக்கிறது. இரு பகுதியும் எவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்கின்றன பாருங்கள். துசாந்தன் என் போனை எடுப்பதில்லை. அந்த நிலையத்துக்கு இப்போது அவர்தான் பணிப்பாளர். என் தோளில் கைவைத்த செயலாளருக்கு என்னைத் தெரியாதாம். பத்தினிப்பிள்ளை தமையன் வீட்டில் போய் இருக்கிறாள். இத்தனை வருடம் நம்பியவர்கள் இப்படிக் கைவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே, ஓம். எழுதியது நான், அனுப்பியது நான், சபையில் அவனைக் கைவிட்டது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் எனக்கும் அவனுக்கும் இடையில் இப்போது ஒன்றும் இல்லை, மிஸ். மெசினுக்குள் போகும் அனுமதியை என்னிடமிருந்து இன்னும் எடுக்கவில்லை. நேற்றும் அவனோடு இருந்தேன். "உன்னில எனக்கு ஒரு கோவமும் இல்ல மச்சான்" என்றான். வசனத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். ஆனாலும் அவன் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டீர்களென்றால் உங்களுக்கே விளங்கும், அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.